மகள் தந்த மட்டை

2025 ஆவணி மாதம் மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள், பயணப் பெட்டியைத் திறந்து, துணிமணிகளுக்கும் சொக்கலேற் பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து நீளமான உறையொன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு ஸ்குவாஷ் மட்டை. கறுப்புச் சட்டகம், ஓரத்தில் செம்மஞ்சள் கோடு. கையில் எடுத்தபோது கோழி இறகைத் தூக்குவதுபோல இருந்தது. உறையில் 110 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். அதன் கீழே வேகம், வலு, வெடிப்பு என்றெல்லாம் விளம்பர மொழி.

மகள் திரும்பிப் போய் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டாள்.

“எப்படியப்பா இருக்குது மட்டை?”

“நல்லா இருக்குது பிள்ளை.”

அந்த நேரம்வரை அந்த மட்டையால் நான் ஒரு பந்தைக்கூட அடித்திருக்கவில்லை. மழை, அலுவலகம், முழங்கால் என்று ஏதேதோ காரணங்கள். தொலைபேசியை வைத்த பின் மனம் உறுத்தியது. மைதானத்துக்குப் போகாமல் ஆட்டச் செய்தி எழுதக்கூடாது என்று முப்பது ஆண்டுகளாக இளம் நிருபர்களிடம் சொல்லி வருபவன் நான். பெற்ற பிள்ளைக்குச் சொன்ன மறுமொழி என்பதற்காக அந்த விதி தளர்ந்துவிடுமா?

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது 2003ஆம் ஆண்டு நடந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒரு வருடம் கடந்திருந்த காலம். ஏ9 பாதை திறந்திருந்தது. கொழும்பில் புதிய புதிய பொருட்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் அப்போது விளையாட்டுப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் பொருட்களை இறக்குமதி செய்யும் ஒருவர் காரியாலயத்துக்கு ஒரு ஸ்குவாஷ் மட்டையை அனுப்பி, “நாலு நல்ல வரி எழுதுங்கோ” என்று கேட்டிருந்தார். நான் எழுதினேன். மட்டையை இரண்டு முறை வீட்டு விறாந்தையில் சுழற்றிப் பார்த்ததைத் தவிர வேறெந்தப் பரிசோதனையும் நான் செய்யவில்லை. உற்பத்தியாளரின் துண்டுப்பிரசுரத்திலிருந்த வாசகங்களைத் தமிழாக்கி, நடுவில் என் சொந்த அனுபவம் போன்ற ஒரு தொனியைக் கலந்துவிட்டேன். தொனி கலப்பதில் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கைப்பழக்கம் உண்டு.

ஆறு மாதம் கழித்து ஓர் அரச எழுதுவினைஞர் என்னைச் சந்தித்தார். பதினான்கு வயது மகனுக்கு அந்த மட்டையை வாங்கிக் கொடுத்திருந்தார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு அதற்குப் போயிருந்தது. பையனுக்கு முழங்கையில் நோவு தொடங்கி விளையாட்டையே விட்டுவிட்டானாம். அவர் என்னிடம் குறைசொல்ல வரவில்லை. வேறொரு காரியமாக வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “நீங்கள் எழுதினதைப் பார்த்துத்தான் வாங்கினனான்” என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை என்பதுதான் இன்றும் எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது. நோவுக்கு மட்டை மட்டுந்தான் காரணமா, பையனின் அடிமுறை காரணமா என்பதை யாரும் ஆராயவில்லை. ஆராயாமல் எழுதியவன் நான் என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஸ்குவாஷ் எனக்கு இளமையில் வாய்த்த விளையாட்டல்ல. எங்கள் ஊரில் பள்ளி மைதானம் இருந்தது, பந்து இருந்தது, நான்கு சுவர்களால் மூடிய விளையாட்டு என்று ஒன்று உலகில் உண்டு என்பது தெரியாது. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, 1995இல் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்த பிறகு, ஆங்கிலப் பத்திரிகையிலிருந்த ஒரு நண்பர்தான் என்னை அந்த அறைக்குள் இழுத்துச் சென்றார். நீளம் 9.75 மீற்றர், அகலம் 6.4 மீற்றர். முன்சுவரின் அடியில் 48 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தகரம். பந்து அதில் பட்டால் ‘டங்’ என்ற சத்தத்தோடு புள்ளி போய்விடும். பந்து 40 மில்லிமீற்றர் விட்டமும் 24 கிராம் எடையும் கொண்ட கறுப்பு றப்பர் உருண்டை. கையால் நிலத்தில் போட்டால் செத்த எலிபோல் கிடக்கும். ஐந்து நிமிடம் அடித்துச் சூடாக்கினால்தான் அதற்கு உயிர் வரும். இரவுப் பணி முடித்துத் தூங்கியெழுந்து, மத்தியானத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஆடுகளத்தில் நாற்பது நிமிடம் ஓடினால், தலைக்குள் இருக்கும் செய்திகளெல்லாம் வியர்வையோடு இறங்கிப் போகும். அந்த ஆண்டுகளின் செய்திகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும்.

1997இல் என்று நினைக்கிறேன், ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த சிப்பாய் மட்டை உறையை வெளியே எடுத்தார். கறுப்புப் பந்தை விரல்களால் அமுக்கி, முகர்ந்து, காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தார். எனக்கு இதயம் நெஞ்சுக்கூட்டில் இல்லை. பிறகு அவர் மட்டையை இரு கையாலும் பிடித்துக் கிரிக்கெட்டில் ‘கவர் ட்ரைவ்’ அடிப்பதுபோல் ஒரு வீச்சு வீசிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் பையில் திருப்பி வைத்தார். அவர் வயது இருபது இருக்கும். அந்த வீச்சு நல்ல வீச்சு.

பரிசோதனைக்கு வருகிறேன். முதல் வேலையாக இரண்டு மட்டைகளையும் எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போனேன். இரண்டாவது மட்டை, 2014இல் நான் என் சொந்தப் பணத்தில் வாங்கிப் பதினொரு ஆண்டுகளாக அடித்துவரும் பழையது. என் பள்ளித் தோழர் ஒருவருக்கு அங்கே நகைக்கடை. பவுன் நிறுக்கும் இலத்திரனியல் தராசை அவர் ஒரு வாடிக்கையாளர் எழுந்துபோன இடைவெளியில் எனக்குக் கடன் தந்தார். 110 கிராம் என்று அச்சிட்ட புதிய மட்டை 149 கிராம் காட்டியது. 140 என்று அச்சிட்ட பழையது 183 காட்டியது.

தோழர் கண்ணாடியை உயர்த்திக் கேட்டார்: “என்ன, கல்லைக் கழிச்சுப்போட்டோ நிறை சொல்லியிருக்கிறாங்கள்?”

அதேதான். உற்பத்தியாளர்கள் சொல்வது வெறும் சட்டகத்தின் எடையை மட்டும். நரம்பு, பிடியில் சுற்றிய நாடா, தலையைச் சுவரிலிருந்து காக்கும் பிளாஸ்ரிக் ஓரம் எல்லாம் சேரும்போது முப்பது, நாற்பது கிராம் ஏறிவிடும். ஸ்குவாஷ் வட்டாரத்தில் இது எல்லோரும் அறிந்த நடைமுறை. ஆனால் மட்டை வாங்கப் போகும் புதியவர் அறியமாட்டார். 110க்கும் 120க்கும் இடையில் நின்று அரைமணி நேரம் தவிக்கும் ஒருவர், மேலதிகமாக ஒரு நாடாவைப் பிடியில் சுற்றிய அன்றே அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறார்.

எடையைவிட முக்கியமானது அது எங்கே இருக்கிறது என்பது. மண்வெட்டியைப் பிடியின் நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு தகட்டுப் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். எடை ஒன்றே, கைக்கு இரண்டும் வேறு வேறு கருவிகள். ஸ்குவாஷ் மட்டையின் நீளம் 686 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது விதி. நடுப்புள்ளி 343. ஓர் அடிமட்டத்தின் விளிம்பில் மட்டையைக் கிடத்திச் சமநிலை கண்டபோது பழையது ஏறத்தாழ நடுவிலேயே நின்றது. புதியதோ பிடியிலிருந்து 362 மில்லிமீற்றரில் நின்றது. அதாவது இருக்கிற கொஞ்ச எடையையும் தலைப்பக்கம் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இலேசான மட்டைக்கு இது தேவை. தலையிலும் எடை இல்லாவிட்டால் பந்தைத் தள்ளுவதற்கு அதனிடம் ஒன்றும் இராது.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. பழையதில் நரம்புப் பரப்புக்கும் பிடிக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது. புதியது நீர்த்துளி வடிவம். பாலம் இல்லை. நெடுக்கு நரம்புகள் கழுத்துவரை இறங்கி ஓடுகின்றன. நீண்ட நரம்பு கூடுதலாக வளைந்து கொடுக்கும். கொடுத்ததைப் பந்துக்கே திருப்பித் தரும். ஆகவே பந்து துள்ளிப் பறக்கும். வலு தேவைப்படுபவருக்கு நீர்த்துளி, திசை தேவைப்படுபவருக்குப் பாலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொதுவாகச் சொல்லப்படுவதை எழுதிவிட்டுப் போவதானால் 2003ஐப் போல விறாந்தையிலேயே முடித்திருக்கலாமே.

என்னுடைய எதிராளி ஓய்வுபெற்ற கணக்காளர். வயது அறுபத்திரண்டு. இருபது வருடமாக வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் ஆடுகிறோம். உலகம் 2009இலேயே பதினொரு புள்ளி முறைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு அடிதடிக்கும் யாராவது ஒருவருக்குப் புள்ளி உண்டு. நாங்கள் இன்னும் பழைய ஒன்பது புள்ளி முறையில், சேர்வ் போடுபவருக்கு மட்டும் புள்ளி என்ற கணக்கில் ஆடுகிறோம். கணக்காளர் கணக்கை மாற்ற ஒப்பவில்லை. பங்குனி மாதத்திலேயே அவர் சொல்லியிருந்தார், ஐப்பசியில் ரொறன்ரோவுக்கு மகனிடம் நிரந்தரமாகப் போகிறாரென்று. அதைப் பற்றி நாங்கள் அதன் பிறகு அதிகம் கதைக்கவில்லை. மட்டைப் பரிசோதனை என்று நான் சொன்னதும், “அப்ப கிழமைக்கு நாலு நாள் ஆடவேணும் ஐசே” என்றார். நான் மறுக்கவில்லை.

முதல் கிழமை செய்ததெல்லாம் வீண். புதிய மட்டையால் ஆடினேன், பந்து பறந்தது. பழையதை எடுத்தேன், பந்து சோம்பியது. மகளிடம் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு ஆறுதல். ஆனால் கணக்காளர் தணிக்கை செய்யத் தொடங்கினார். “பழையதுக்கு எப்ப கடைசியா நரம்பு போட்டனீர்?” என்று கேட்டார். யோசித்தால் ஒன்றரை வருடம். புதிய சட்டகத்தைப் புதிய நரம்போடும், பழைய சட்டகத்தைச் செத்த நரம்போடும் வைத்து நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் அளந்தது மட்டையை அல்ல, நரம்பின் வயதை.

கொம்பனித்தெருவில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு மலாய்ப் பெரியவர் பூப்பந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதில் பேர்போனவர். இரண்டு மட்டைகளையும் அவரிடம் கொடுத்து, ஒரே நரம்பை, ஒரே இழுவையில், 25 இறாத்தலில் கட்டச் சொன்னேன். வேலையைச் செய்துகொண்டே அவர் சொன்னார்: “எல்லாரும் மட்டையைத்தான் ஏசுறாங்க சேர். நரம்பை யாரும் ஏசுறதில்ல.” எனது அனுபவத்தில், மட்டையைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளிலும் இகழுரைகளிலும் பாதி நரம்புக்கு உரியவை. தளர்வாகக் கட்டினால் நரம்பு ஊஞ்சல்போல் பந்தை வாங்கி எறியும், வேகம் கூடும். இறுக்கிக் கட்டினால் பந்துதான் நசுங்கவேண்டும், நசுங்கும்போது சக்தியை இழக்கும், வேகம் குறையும், ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகும். இரண்டு, மூன்று இறாத்தல் மாறினாலே பல ஆயிரம் ரூபா விலை வித்தியாசமுள்ள இரண்டு மட்டைகள் தங்கள் குணத்தை மாற்றிக்கொண்டுவிடும்.

இரண்டாவது கிழமை பரிசோதனையை ஒழுங்குபடுத்தினோம். எங்கள் பத்திரிகையின் பழைய பிரதி ஒன்றை விரித்து ஆடுகளத்தின் பின்மூலையில் ஒட்டினேன். வலக்கை ட்ரைவ் ஐம்பது, ஒவ்வொரு மட்டையாலும். பந்து சேர்வ் பெட்டியின் பின்கோட்டைத் தாண்டி விழுந்தால் ஒரு குறி. பத்திரிகையின்மீதே விழுந்தால் இரண்டாவது குறி. கணக்காளர் சுவரோரம் நின்று பேரேடு எழுதினார். முதலில் ஒரு மட்டையால் ஐம்பதையும் முடித்துவிட்டு மற்றதை எடுத்தபோது அங்கேயும் ஒரு தவறு தெரிந்தது. முதல் மட்டைக்குக் குளிர்ந்த பந்து, இரண்டாவதற்குச் சூடான பந்து. ஆட்டத்தில் பந்தின் வெப்பம் 45 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறக்கூடியது. குளிர்ந்திருக்கும்போதும் சூடேறியபோதும் அது இரு வேறு பந்துகள். எனவே பத்துக்குப் பத்தாக மட்டையை மாற்றி மாற்றி மறுபடியும் அடித்தேன்.

பின்கோட்டைத் தாண்டியவை: புதியது 36, பழையது 29. பத்திரிகையில் விழுந்தவை: புதியது 11, பழையது 18. ஐம்பது பந்தை வைத்து உலகத்துக்குச் சட்டம் இயற்ற முடியாது. எனினும் கையில் உணர்ந்ததும் அதுவாகவே இருந்தது. புதியது பந்தை ஆழத்துக்கு அனுப்ப என்னிடம் உழைப்புக் கேட்கவில்லை. ஆனால் எந்த மூலைக்கு என்று நான் சொன்னதை அரைகுறையாகத்தான் கேட்டது.

ட்ரொப் அடிகளில் வேறுபாடு இன்னும் தெளிவு. தகரத்தில் பட்டு வீணானவை இரண்டிலும் ஏறக்குறையச் சமம். ஆனால் பழையதால் மெல்லத் தொட்ட பந்து முன்சுவரின் காலடியிலேயே விழுந்து செத்தது. புதியதால் தொட்ட பந்து முன்சுவரில் பட்டுத் துள்ளி இரண்டு அடி வெளியே வந்து, “இந்தா, அடி” என்பதுபோல் நின்றது. அறுபத்திரண்டு வயது எதிராளிக்கே அது போதுமான அவகாசம். வொலியில் புதியது கைக்கு முன்னே போய் நின்றுவிடும், அது அதன் நல்ல குணம். ஆனால் பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் உள்ளங்கைக்குள் மட்டை சுழன்றது. எடையுள்ள பழையதில் அந்தச் சுழற்சி குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் வாசித்த மட்டை மதிப்புரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆடுகளங்களில் இருந்து எழுதப்பட்டவை. அங்கே பந்து சூடேறுவதே ஒரு பாடு. சுவரும் குளிர், காற்றும் குளிர். வலுவைத் தரும் மட்டை அங்கே வரப்பிரசாதம். குளிரூட்டி இல்லாத கொழும்பு ஆடுகளத்தில், சித்திரை மாதத்தில், மூன்றாவது நிமிடமே பந்து குதிரைக்குட்டியாகிவிடும். எங்களுக்குத் தேவை பந்தை மேலும் துள்ளவைக்கும் கருவியா, அடக்கும் கருவியா? போதாததற்கு ஈரப்பதன். சுவர் வியர்க்கும், நிலம் வியர்க்கும், நாங்கள் வியர்க்கிறோம், பிடி நழுவுகிறது. பிடிக்குமேல் இன்னொரு நாடா சுற்றினால் எடை மாறும், சமநிலை மாறும். இதையெல்லாம் எந்த உறையும் அச்சிடுவதில்லை.

மட்டை ஆட்டக்காரனை உருவாக்காது என்பதற்கு எல்லோரும் ஹாஷிம் கானை இழுப்பார்கள். பெஷாவரில் வெள்ளை அதிகாரிகளின் கழகத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்தவர், அவர்கள் போன பிறகு உடைந்த பந்தாலும் வெறுங்காலோடும் பழகியவர், 1951இல் மர மட்டையோடு பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை வென்றார். அவர் வாரிசுகளின் வரிசையில் வந்த ஜஹாங்கீர் கான் 1981 முதல் 1986 வரை ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தோல்வியே காணாமல் ஆடியபோது, மரம் விடைபெற்று கிரபைட் வந்துகொண்டிருந்தது. அவரிடம் தோற்றவர்களின் கையிலும் கிரபைட் வந்துதான் இருந்தது. 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் பெண்கள் இரட்டையரில் தங்கம் வென்ற சென்னைப் பெண்கள் ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் இருவரின் கையிலும் கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும் வகை மட்டைகள்தான் இருந்திருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் இந்த உதாரணங்களைச் சொல்லி மட்டையில் ஒன்றுமில்லை என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சம்பியனின் கை எந்த மட்டையின் குறையையும் மறைத்துவிடும். எங்களைப் போன்றவர்களின் கை மறைக்காது. மட்டையின் குணம் அப்பட்டமாகத் தெரிவது சராசரி ஆட்டக்காரனிடம்தான். அந்த வகையில் பரிசோதகன் என்ற பதவிக்கு என்னிடம் பூரண தகுதி உண்டு.

மூன்றாவது கிழமை இரண்டு விடயங்கள் தெரியவந்தன. ஒன்று புதிய மட்டைக்குச் சாதகம். நீண்ட ஆட்டங்களில், மூன்றாவது, நான்காவது கேமில், பழைய மட்டையைத் தோளுக்குமேல் தூக்கவே எனக்கு மனமில்லாமல் போகிறது. ஐம்பத்தாறு வயதில் 34 கிராம் என்பது நாற்பதாவது நிமிடத்தில் ஒரு செங்கல். புதியதோடு ஆடிய நாட்களில் கடைசி கேமில் எனக்குக் கை மிச்சமிருந்தது. அந்தக் கிழமை ஐந்து கேம்களில் முடிந்த இரண்டு ஆட்டங்களையும் புதியதால்தான் வென்றேன்.

மற்றது பாதகம். வியாழக்கிழமை இரவு தேநீர்க் கோப்பையைத் தூக்கியபோது முழங்கையின் வெளிப்புறத்தில் சுருக்கென்றது. 2019இல் ஒருமுறை வந்து ஆறு மாதம் படுத்திய அதே நோவு. இலேசான, விறைப்பான சட்டகம் பந்தின் அதிர்ச்சியைத் தான் விழுங்காமல் கைக்குக் கடத்துகிறது. பாரமான மட்டை பெரும் பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. அதிர்ச்சி போதாதென்று, திசையைக் கட்டுப்படுத்த நான் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதும் பிறகு புரிந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த எழுதுவினைஞரின் மகனை நினைத்தேன். இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயதிருக்கும்.

நான்கு நாள் ஓய்வு. அந்த இடைவெளியில் ஆடுகளத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கணக்காளர் தனியே அடித்துக்கொண்டிருந்தார். “அண்ணை, அதை ஒருக்கால் பிடிச்சுப் பாருங்கோ” என்று புதிய மட்டையைக் கொடுத்தேன். இருபது வருடமாக அவருடைய வீச்சு எனக்கு மனப்பாடம். தோளிலிருந்து வராது, முழங்கையிலிருந்து ஒரு சிறிய தட்டு. அந்தத் தட்டுக்குப் பந்து ஒருநாளும் பின்சுவர் காணாது. அன்றைக்கு அவர் தட்டியது முன்சுவரில் உயரப் பட்டுப் பின்மூலையில் போய் விழுந்தது. அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். அதுவும் மூலை. பிறகு நான் அங்கே இருப்பதை மறந்து அரைமணி நேரம் அடித்தார். சிறிய வீச்சு, ஆகவே பிடியை இறுக்கவேண்டியதில்லை, ஆகவே முழங்கைக்கும் பாதகமில்லை. என் கைக்கு ஒவ்வாத குணமெல்லாம் அவர் கைக்கு மருந்தாக இருந்தது. அத்துடன் அவர் போகும் நாடு குளிர்நாடு.

அன்றிரவு மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பிள்ளை, அந்த மட்டையைப் பற்றி நான் முதல் சொன்னது பொய்.”

“ஏனப்பா, உடைஞ்சு போச்சுதோ?”

“இல்லை. அப்ப நான் அடிச்சே பார்க்கேல்லை.”

எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, நரம்பு, ஐம்பது பந்து, முழங்கை, கணக்காளர். பொறுமையாகக் கேட்டாள். கடைக்காரரிடம் “அப்பாவுக்கு வயசு போயிட்டுது, பாரமில்லாததா ஒண்டு தாங்கோ” என்று மட்டும்தான் கேட்டு வாங்கினாளாம். அந்தக் காரணத்தை அவள் சொன்னபோது, வயதுபோன அப்பாவுக்கு மறுமொழி சொல்லச் சற்று நேரம் எடுத்தது.

“அப்ப அங்கிளுக்குக் குடுத்துவிடுங்கோவன்” என்றாள்.

மறுநாள் சொன்னேன். கணக்காளர் சிரிக்கவில்லை. “பெட்டை தகப்பனுக்கெண்டு கொண்டுவந்த பொருளை நான் கனடாவுக்குக் காவிக்கொண்டு போறதோ? விசரே ஐசே உமக்கு?” என்றார். நான் நியாயங்களை அடுக்கினேன். பேரேட்டில் அவரே எழுதிய எண்களை எடுத்துக் காட்டினேன். எதுவும் எடுபடவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், “தாறதெண்டால் உம்மடை பழையதைத் தாரும்” என்றார்.

அது அவருக்குப் பொருந்தாது. அவருடைய தட்டு வீச்சுக்கு அது ஒரு உலக்கை. ரொறன்ரோவின் குளிர்ந்த பந்தை அது பாதிக் களம்கூடத் தாண்டவைக்காது. இதையெல்லாம் பரிசோதகன் என்ற முறையில் விளக்கமாகச் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றார்.

பழைய மட்டை ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு விமானத்தில் போனது. சுற்றிக் கொடுக்க உறை இல்லாததால் இலக்காக ஒட்டியிருந்த எங்கள் பத்திரிகைத் தாளிலேயே சுற்றிக் கொடுத்தேன். பந்து பட்ட கறுப்புத் தடங்கள் அதில் நிறைய இருந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொம்பனித்தெருவுக்குப் போய்ப் புதியதன் நரம்பை அறுத்து 28 இறாத்தலில் கட்டுவித்தேன். பெரியவர் அது கொஞ்சம் கூட என்றார். முழங்கைக்கு ஆகாது என்றும் எச்சரித்தார். பிறகு இருவரும் பேசி 26க்கு இறங்கினோம். பிடியில் இரண்டு சுற்று நாடா கூடுதலாகப் போட்டதில் சமநிலை சற்றுக் கீழே வந்திருக்கிறது. மறுபடி செட்டியார் தெருவுக்குப் போகவில்லை, கை சொல்கிறது. மார்க்கரின் மகன், பதினாறு வயது, ஆட ஆள் வேண்டுமா என்று கேட்டான். அவனுக்குப் பழைய ஒன்பது புள்ளி முறையை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் ஆயிற்று. முதல் கேமில் எனக்கு மூன்று புள்ளி, இரண்டாவதில் ஐந்து.